முதலைப் பண்ணையில் ஒரு பாடவேளை

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேர் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருக்கிறீர்கள்? பாதிக்கு மேல் கைகள் உயர்கின்றன. நல்லது. அங்கே எவ்வளவு நேரம் இருந்தீர்கள்? முக்கால் மணி, ஒரு மணி என்கிறீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான். மாமல்லபுரம் போகிற வழியில் பேருந்தை நிறுத்துவோம். "வரிசையா வாங்க, சுவர் மேல ஏறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு சுற்று சுற்றுவோம். தலைகளை எண்ணிப் பேருந்தில் ஏற்றிவிடுவோம். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால், "முதலைகளைப் பார்த்தோம், மகிழ்ச்சியாக இருந்தது" என்று இரண்டு வரி வரும்.

அந்தப் பழக்கத்தை நான் மாற்றிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஆசிரியர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு திங்கட்கிழமை. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. "என்ன கண்ணு, ராத்திரி ரொம்ப நேரம் டி.வி. பாத்தியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "வயிறு வலிக்குது டீச்சர்" என்றாள். சுடுதண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று கரும்பலகையில் நான் எழுதியிருந்த தலைப்பு: ஊர்வன, பொதுப் பண்புகள்.

சத்துணவு சமைக்கும் அக்கா அந்தப் பக்கம் வந்தவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "டீச்சர், இது தூக்கம் இல்ல. பாப்பாவால கண்ணத் தொறக்க முடியல. தரையிலதான படுக்குறாங்க? எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றார். 108-ஐ அழைத்தோம். மருத்துவமனையில் கட்டுவிரியன் கடித்திருப்பதாகச் சொன்னார்கள். நஞ்சுமுறி மருந்து கொடுத்து, செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்து, நான்கு நாட்கள் கழித்துத்தான் "இனிப் பயமில்லை" என்றார்கள். குழந்தை பிழைத்தாள். ஆனால் அவளைப் பிழைக்க வைத்தது அறிவியல் படித்த நான் இல்லை.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கிறது. வலி அதிகம் தெரியாது. பல்தடம்கூடச் சில நேரம் தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி வரும், இமைகள் தொங்கும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும். இதில் ஒரு வரியைக்கூட நான் வகுப்பில் சொன்னதில்லை. "செதில்கள் உண்டு, குளிர் இரத்தப் பிராணி" என்று சொல்லி மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த பருவத்தில் மீண்டும் முதலைப் பண்ணைக்குப் போனோம். இம்முறை முழுநாள், வேறெந்த இடமும் இல்லை. போவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்வியை அட்டையில் எழுதிக்கொண்டார்கள். அந்தச் சிறுமியின் அம்மா ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட மூன்று நாள் தயங்கினார். "மறுபடியும் பாம்புகிட்டயா டீச்சர்?" என்றார். நேரில் போய்ப் பேசினேன். "நீங்க பக்கத்துலயே இருப்பீங்கன்னா சரி" என்று கையெழுத்திட்டார்.

முதலில் சதுப்புநில முதலைகளின் குளம். ஒரே ஒரு முதலையைத் தேர்ந்தெடுத்து இருபது நிமிடம் அதை மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பையன் கல்லை எடுத்துவிட்டான். "அசையவே மாட்டேங்குது டீச்சர், பொம்மைதான்." கல்லை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, "பொம்மைன்னா மூச்சு விடாது. விலாவைப் பார்" என்றேன். பார்த்தான். பிறகு யாரும் நகரவில்லை.

அவர்கள் கண்டுபிடித்தவற்றைச் சொல்கிறேன். வாயைத் திறந்து வைத்திருப்பது கோபத்தால் இல்லை. உடல் சூட்டைச் சரிசெய்துகொள்ளத்தான். நீரில் கிடப்பதன் கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிகின்றன. கண்ணுக்கு மேலிமை, கீழிமை தவிர, கண்ணாடி போன்ற மூன்றாவது இமை ஒன்று பக்கவாட்டில் நழுவி மூடுகிறது. இதை முதலில் பார்த்தது அந்தச் சிறுமிதான். "டீச்சர், பாம்புக்கு எத்தனை இமை?" என்று கேட்டாள். பாம்புக்கு இமையே கிடையாது. ஒளி ஊடுருவும் செதில் ஒன்று கண்ணை மூடியிருக்கிறது. அதனால்தான் அது இமைக்காமல் முறைப்பது போலத் தெரிகிறது.

நம் பாடநூலோடு நேரடியாக இணைகிற செய்திகளும் அங்கே நிறைய உண்டு. ஊர்வனவற்றின் இதயத்துக்கு மூன்று அறைகள், முதலைக்கு நான்கு. முதலைக்குப் பால் குரோமோசோம் இல்லை; முட்டை அடைபடும் வெப்பநிலைதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சதுப்புநில முதலையில் 31 டிகிரி செல்சியஸ் வரை பெண் குஞ்சுகள், 32.5 டிகிரியை ஒட்டி ஆண் குஞ்சுகள். இந்த ஆய்வு நடந்ததே இந்தப் பண்ணையில்தான். பொரியும் நேரத்தில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். தாய் மண்ணைத் தோண்டி, அவற்றை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். "கடிக்காதா?" என்று கேட்காத குழந்தை இல்லை.

இந்தப் பண்ணை ஏன் வந்தது என்பதும் பாடம்தான். தோலுக்காக வேட்டையாடி நம் ஆறுகளில் முதலைகளை அழித்துவிட்டோம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-இல் மைய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர், ஜய் விட்டேக்கர் ஆகியோர் வடநெம்மேலியில் இந்த இடத்தை உருவாக்கினார்கள். சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியால் என்ற மூன்று இந்திய வகைகளையும் அங்கே ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கரியாலின் மூக்கு ஏன் அவ்வளவு ஒல்லி என்று கேளுங்கள். மீன் பிடிக்க என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

பிற்பகலில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கத்தினர் நஞ்செடுக்கும் இடத்துக்குப் போனோம். 1978-இல் தொடங்கப்பட்ட சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உரிமம் பெற்றுப் பிடித்து, மண் பானைகளில் வைத்து, சில வாரங்கள் நஞ்செடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் நஞ்சுமுறி மருந்து தயாராகிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர் பெரியவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எழுத்தறிவு வேறு, அறிவு வேறு என்று குழந்தைகளிடம் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நம் சிறுமி என் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி பின்னால் நின்றாள். பானையிலிருந்து கட்டுவிரியனை எடுத்தபோது அவள் கை இறுகியது. எல்லாம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, பாம்புக்கு வலிக்குமா?" அவர் சிரித்துவிட்டு, "புடிக்கத் தெரிஞ்சா வலிக்காதும்மா. மெதுவாதான் புடிப்போம்" என்றார். திரும்பும் வழியில் அவள் சன்னல் ஓரம் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டாள். அவள் அம்மாவிடம் அன்று மாலை நான் சொல்வதற்கு அந்த ஒரு செய்தி போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் மாணவர்கள் தங்கள் வீடுகளை ஆய்வு செய்தார்கள். எலி எங்கே வருகிறது? விறகு எங்கே அடுக்கியிருக்கிறது? இரவில் வெளியே போக டார்ச் இருக்கிறதா? தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்கிறார்களா? பிறகு அவர்களே சுவரொட்டி எழுதி ஊரில் ஒட்டினார்கள். கடித்த இடத்தைக் கீறாதே, வாயால் உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதே. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோ.

தோழர்களே, 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி நம் நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்களின் பிள்ளைகள்தான்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். முதலைப் பண்ணைக்குப் போங்கள். ஆனால் முழுநாள் போங்கள், கேள்வியோடு போங்கள், ஒரே விலங்கின் முன் இருபது நிமிடம் நில்லுங்கள். பொறுமையாகப் பார்க்கப் பழகினால் கல்லெறியத் தோன்றாது. கண்டதும் அடிக்கவும் தோன்றாது. அந்தப் பழக்கம் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும் வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை தலையைச் சாய்த்தால், டி.வி. பார்த்தாயா என்று கேட்பதற்கு முன் அதன் இமைகளைப் பாருங்கள்.