வானொலி யாருடைய சொத்து?

(இறம்பொடையில் நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

அரசாங்க வானொலியைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வந்துள்ளேன். சம்பளமும் காணியும் கேட்டு நிற்கும் மக்களுக்கு வானொலி ஒரு கேடா என்று சிலர் கேட்கலாம். உயிரோடு இருந்தால்தானே சம்பளமும் காணியும்? அந்த உயிரைக் காக்கும் கருவி அது என்பதனால்தான் பேசுகிறேன்.

தந்தி இலாகாப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பில் முறையான ஒலிபரப்பு தொடங்கிற்று. ஆசியாவின் மூத்த வானொலிகளுள் அது ஒன்று. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குத் தடை போட்டார். பாரத நாடே இலங்கை வானொலியின் பக்கம் காதைத் திருப்பியது. மயில்வாகனனின் குரலுக்குத் தமிழகம் மயங்கிக் கிடந்தது.

கடல் கடந்த அந்தக் குரல் நம் லயங்களுக்கும் வந்தது; மறுக்கவில்லை. ஆனால் லயத்தின் குரல் கொழும்புக்குப் போயிற்றா? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவனிடம் கருத்துக் கேட்பார் யார்? நம் உழைப்பில் விளைந்த தேயிலை நாட்டுக்குச் செல்வம் தந்தது. அந்நாட்டின் வானொலியிலோ நாம் கேட்பவராக மட்டுமே இருந்தோம்!

நீதிமன்றம் சொன்னது

இன்று நாம் குடிமக்கள். வானொலி அரசாங்கத்தின் சொத்தா, மக்களின் சொத்தா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நேயர்கள் பங்குகொண்ட கல்வி நிகழ்ச்சியொன்றை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் திடீரென நிறுத்தியபோது, நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டதென 1996இல் தீர்ப்பாயிற்று. ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவை ஆராய்ந்த அதே மன்றம், ஒலி அலைகள் பொதுச் சொத்து என 1997இல் உரைத்தது. பொதுச் சொத்தில் மலையகத்தின் பங்கு எங்கே?

நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. இறம்பொடையின் நீர் ஓடிச் சேரும் கொத்மலையில், அதே கூட்டுத்தாபனம் 1989இல் சமூக வானொலி அமைத்தது. கிராமத்தார் தம் ஊர்ச் செய்தியைத் தாமே பேசினர். 1999இல் யுனெஸ்கோ துணையுடன் இணையமும் அதனோடு சேர்ந்தது. உழவன் கேட்ட வினாவுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியில் சொன்னார்கள். கிராமத்துக்கு இயன்றது தோட்டத்துக்கு இயலாதா?

மழை இரவில்

2014 அக்டோபர் 29ஆம் நாளை மறந்துவிட்டோமா? கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. அபாயமான இடமென்று முன்பே அறியப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே இருந்தனர். அதிகாரிகளின் கோப்பில் உறங்கும் எச்சரிக்கை எவரையும் எழுப்பாது!

அடைமழையில் மின்சாரம் போகும், கைத்தொலைபேசி ஊமையாகும். பற்றரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியோ அப்போதும் பேசும். பேசுவதற்கு அதனிடம் செய்தி இருக்க வேண்டும். அலை நம்மை எட்டவும் வேண்டும். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. மலை மறித்தால் மங்கிவிடும்.

ஆகவே மூன்று கேட்கிறோம். மண்சரிவு எச்சரிக்கை சிங்களத்தில் ஒலிக்கும் அதே நிமிடத்தில், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர் சொல்லித் தமிழிலும் ஒலிக்க வேண்டும். அலை எட்டாத பள்ளத்தாக்குகளுக்கு அஞ்சல் நிலையங்கள் வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம், மலையகம் தன் வாயால் பேச இடம் வேண்டும். மரக்கறி விலையும் மருத்துவர் அறிவுரையும் அதில் வரட்டும்.

ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே, இம்மனுவை எழுதித் தாருங்கள். விவசாயிகளே, தொழிலாளர்களே, கையொப்பமிடுங்கள். இது பிச்சையன்று, நம் பொதுச் சொத்தில் நம் பங்கு!