அரங்க விளக்கின் வயது



என் நண்பர் ஒருவர் இலண்டன் மாநகருக்குச் சென்று மீண்டபோது, பழம்பொருட் கடையொன்றில் வாங்கிய உலோக விளக்கொன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். முன்புறத்தில் தடித்த கண்ணாடி வில்லை. அதன் பின்னே குமிழை அடக்கிய கூடு. குழாயில் மாட்டித் தொங்கவிடுவதற்கு வளைந்த இரும்புப் பிடி. “விக்டோரியா மகாராணியார் காலத்து நாடக விளக்கு என்று கடைக்காரர் சொன்னார்” என்றார் நண்பர். அதனை நன்றாகத் தேய்த்து, வெள்ளி வர்ணம் பூசி, புதிய மின்கம்பி இணைத்து, வரவேற்பறையில் ஏற்றிவைப்பது அவர் எண்ணம். “இரண்டு நாள் பொறுங்கள். தேய்ப்பதற்கு முன் இதன் வயதைப் படித்துவிடுவோம்” என்றேன். நாங்கள் அதனைப் படித்த முறையையே இன்று தங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

அரங்க விளக்கொன்றைக் கண்டால் முதலிற் கேட்கவேண்டிய வினா, இதனுள் எரிந்தது யாது என்பதாகும். இங்கிலாந்தின் நாடக அரங்குகளில் 1817 ஆம் ஆண்டளவில் வாயு விளக்குகள் மேடைக்கு வந்தன. 1837 இல் கொவென்ட் கார்டன் அரங்கிற் சுண்ணாம்பொளி ஏற்றப்பட்டது. ஒட்சிசனும் ஐதரசனும் கலந்து எரியும் சுவாலையைச் சுண்ணாம்புக் கட்டியின்மீது செலுத்தி, அது வெண்மையாய் ஒளிரச் செய்யும் முறை அது. 1881 இல் திறக்கப்பட்ட சவோய் அரங்கு முழுவதும் மின்னொளியால் விளங்கியது. ஆகவே, வாயுக் குழாய் பொருத்தும் திருகோ, சுண்ணாம்புக் கட்டியைத் தாங்கும் முளையோ இருப்பின் அது ஒரு காலம். மின்குமிழ் தாங்கி இருப்பின் அது பிறிதொரு காலம். எனினும் இதிலும் விழிப்பு வேண்டும். வாயு விளக்குகள் சில பின்னாளில் மின்விளக்காக மாற்றப்பட்டதுண்டு. கரிக்கோல்களுக்கிடையே சுடரெழுப்பும் வில்விளக்கோ, நடிகரைப் பின்தொடரும் ஒளிக்காக இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் வழக்கிலிருந்தது. கரிக்கோல் கண்டவுடன் மிகப் பழையது என முடிவுகட்டலாகாது.

இரண்டாவது வினா, கூடு எவ்வாறு செய்யப்பட்டது என்பது. முற்காலத்து மின்விளக்குகளின் கூடுகள் பெரும்பாலும் உருக்குத் தகட்டை வெட்டி, மடித்து, தறையாணி அடித்துச் செய்யப்பட்டவை. நண்பரின் விளக்கிலோ மடிப்பும் இல்லை, தறையாணியும் இல்லை. உருகிய அலுமினியத்தை அச்சினுள் அழுத்தி வார்த்தெடுத்த கூடு அது. ஒரே வடிவில் ஆயிரக்கணக்கிற் செய்வதற்கு உகந்த முறை இது. இவ்வொன்றே மகாராணியார் காலத்தை ஐயத்துக்கு இடமாக்கிவிட்டது.

மூன்றாவதாக வில்லையைக் கண்டோம். ஒருபுறம் தட்டையாயும் மறுபுறம் குவிந்தும் உள்ள வில்லை ஒருவகை. வெளிச்சவீடுகளுக்கென்று பிரான்சு நாட்டு அறிஞர் பிரெனல் வகுத்த, படிப்படியாக வளையங்கள் கொண்ட வில்லை மற்றொருவகை. அது ஓரம் மங்கிய மெல்லொளி தரும். நண்பரின் விளக்கு முதல்வகையைச் சார்ந்தது. குமிழின் பின்னுள்ள ஆடி ஒளியைத் திரட்டி ஒரு வாயிலினூடே செலுத்த, வில்லை அதனைக் கூர்மையான ஓரமுள்ள வட்டமாக மேடையில் வீழ்த்தும்.

நான்காவது சான்று பெயர்த்தகடு. அழுக்கை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்தபோது ‘ஸ்ட்ராண்ட் எலெக்ட்ரிக்’ என்ற பெயரும், ‘பாட்’ என்ற சுருக்கமும், 23 என்ற எண்ணும் தோன்றின. இலண்டனில் அந்நிறுவனம் தொடங்கியது 1914 இல். மகாராணியார் மறைந்ததோ 1901 இல். கடைக்காரர் கதை அத்துடன் முடிந்தது. மேலும், 1968 இல் அந்நிறுவனத்தை ராங்க் நிறுவனத்தார் வாங்கிய பின்னர், தகடுகளில் ராங்க் என்னும் பெயரும் சேர்ந்தது. நண்பரின் தகட்டில் அப்பெயர் இல்லை. இருபத்துமூன்றாம் எண் விளக்கு அறிமுகமானது 1953 இல். எனவே ஏறத்தாழ 1953 க்கும் 1968 க்கும் இடைப்பட்டது இவ்விளக்கு எனக் கொண்டோம். ஏறத்தாழ என்று கூறுவதற்குக் காரணமுண்டு. பெயர் மாறிய அன்றே பழைய தகடுகள் யாவும் எறியப்படுவதில்லை. எண் சிறிதாயின் விளக்குப் பழையது என்று கருதுவதும் பிழை. இதே நிறுவனத்தின் நாற்பத்துமூன்றாம் எண் விளக்கு, இருபத்துமூன்றாம் எண்ணுக்கு மூத்தது. அந்நிறுவனம் 1937 முதல் வெளியிட்ட ‘டாப்ஸ்’ என்னும் இதழும், அதன் விலைப்பட்டியல்களும் இத்தகைய ஐயங்களைத் தீர்க்க உதவுவன.

இனி, ஏமாற்றும் சான்றுகளையும் சொல்லவேண்டும். நண்பரின் விளக்கினுள் இருந்தது ஹலஜன் குமிழ். அது அரங்குகளுக்கு வரத் தொடங்கியது 1960 களில்; பழைய கூடுகளிற் பின்னர் பொருத்தப்பட்டதும் மிகுதி. குமிழ் மாறும், கூடு மாறாது. அவ்வாறே அதன் மின்செருகியில் உருண்டையான மூன்று முனைகள் இருந்தன. நம் நாட்டு வீடுகளில் நெடுங்காலம் பழகிய 15 அம்பியர்ச் செருகிதான் அது. இங்கிலாந்தின் இல்லங்களிலிருந்து அது மறைந்துவிட்டது. ஆனால் நாடக அரங்குகள் அதனை இன்றும் கைவிடவில்லை. ஆதலாற் செருகியைக்கொண்டு வயது கணிக்க இயலாது. ஆணியின் கீழே ஒளிந்திருக்கும் பழைய வர்ணம், பயனின்றி நிற்கும் துளைகள் ஆகியனவே எந்த உறுப்பு மூலத்தது, எது பின்வந்தது என்பதைக் காட்டுவன. தேய்த்து வர்ணம் பூசினால் முதலில் அழிவன இவையே.

நேயர்களே, வயதை முதலிற் படிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. நண்பரின் விளக்கிலிருந்து வெளிவந்த மின்கம்பிகளை, சாம்பல் படிந்த வெண்ணிறமான பஞ்சுபோன்ற உறையொன்று மூடியிருந்தது. அக்காலத்து அரங்க விளக்குகளில் வெப்பத்தைத் தாங்குவதற்காகக் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், கம்பியுறையாகப் பயன்பட்டது. அதன் நுண்ணிய இழைகள் மூச்சுடன் நுரையீரலிற் புகுந்தால், இருபது முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் கொடிய நோய் தோன்றக்கூடும். நண்பர் அக்கம்பிகளைத் தம் கையாலே வெட்டியெறிய எண்ணியிருந்தார். அவருடைய சிறு பேரனோ அருகிலேயே விளையாடிக்கொண்டிருந்தான். விளக்கு எக்காலத்தது என்று தெரிந்தமையாலேயே, உறை எதுவாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை எமக்குப் பிறந்தது. சோதித்து அறியும்வரை அத்தகைய உறையைக் கல்நார் என்றே கொள்ளுதல் வேண்டும். அதனைத் தேய்க்கவோ, வெட்டவோ, ஊதவோ கூடாது. தடித்த பையில் இட்டுக் கட்டி, அதனை அகற்றும் முறை அறிந்தவரிடம் ஒப்படைத்தலே தக்கது. பழைய விளக்கில் மின்னோட்டம் செலுத்திப் பார்ப்பதும் ஆகாது. நிலத்தொடுப்புக் கம்பியே இல்லாத விளக்குகளும் முற்காலத்தில் இருந்தன.

“அப்படியாயின் இது மதிப்பற்றதா?” என்று நண்பர் சற்றுச் சோர்வுடன் கேட்டார். அன்று என்றேன். பேரரங்குகளுக்கே உரியதாயிருந்த கூரிய ஒளிவட்டத்தை, பாடசாலை மண்டபங்களுக்கும் சிற்றரங்குகளுக்கும் கொண்டுசென்ற விளக்கு இது. எத்தனையோ மாணவர்கள் முதன்முதலாக மேடையேறியபோது அவர்கள் முகத்தில் வீழ்ந்தது இத்தகைய விளக்கின் ஒளிதான். பொய்யான நூறாண்டினும் மெய்யான சில பத்தாண்டுகள் பெருமை தருவனவன்றோ?

நண்பர் வர்ணம் பூசவில்லை. கல்நார் உறை முறைப்படி அகற்றப்பட்டபின், விளக்கு அவர் வரவேற்பறையில் ஏற்றப்படாமலே வீற்றிருக்கின்றது. அதன் பிடியிற் சிறு அட்டையொன்று தொங்குகின்றது. நிறுவனத்தின் பெயர், எண், காலம், மாற்றப்பட்ட உறுப்புக்கள், அகற்றப்பட்ட உறை ஆகியன அதில் எழுதப்பட்டுள்ளன. தங்கள் ஊர் மண்டபத்தின் களஞ்சிய அறையில் இத்தகைய விளக்கொன்று தூசு படிந்து கிடக்குமாயின், அதனைப் பழைய இரும்புக்கு விற்பதற்கு முன்னும், துணியெடுத்துத் துடைப்பதற்கு முன்னும், கைபடாது ஒருமுறை நின்று படித்துப் பாருங்கள்.