காசா? பொறுமையா?

நடுவர் அவர்களே! எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "ஷவர்ல தண்ணி சொட்டுதா, பிரஷர் பம்ப்பு வாங்கி மாட்டு, காசைப் போட்டா காரியம் முடிஞ்சுது" என்றார்கள். கைதட்டினீங்களே, பம்ப்பு விலை உங்க பையிலிருந்துதானே போகப் போகுது! (சிரிப்பு)

சென்னையிலே பல வீட்டில் போர்த் தண்ணி. அதில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு ஷவர் துளைகளில் படிந்து அடைத்துக்கொள்கிறது. உடனே வீட்டில் பேச்சு என்ன? "உங்கப்பா கட்டின வீடு இப்படித்தான் இருக்கும்!" துளையிலே இருக்கிற அடைப்புக்குச் சம்பந்தி வரைக்கும் சண்டை! (கைதட்டல்)

ஐயா, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கொட்டுகிறதா? குற்றவாளி கையிலேயே இருக்கிறான். ராத்திரி வினிகரில் ஊறப் போட்டு, காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றுங்கள். அவசரப்பட்டு கக்கூஸ் ஆசிட்டை ஊற்றினால் முலாம் போயிடும்!

வெறும் குழாயிலும் சொட்டுதா? வால்வு முழுசாத் திறந்திருக்கா பாருங்க. அப்புறம் தொட்டியைப் பாருங்க. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். ஷவருக்கு மேலே 2 மீட்டரில் தொட்டி இருந்தால் கால் கிலோகூட வராது. அங்கே பம்ப்பு வேணும், ஒத்துக்கிறேன். ஆனால் எதிரணி அம்மா, நீங்க கழற்றிப் பார்த்தீங்களா?