கடல் கடந்த ஈரானியர்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிற நாடுகளில் குடியேறி வாழும் ஈரானிய மக்களைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் பணித்தார். தமிழ்ச் சங்கத்தில் ஈரானியருக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். சொந்த ஊரை விட்டு, வேறு மொழி வழங்கும் இடத்தில் குடியமர்ந்து, பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிடுவரோ என்று கவலையுறும் எவருக்கும் அவர்கள் கதை அயலார் கதை ஆகாது.

பாரசீகர் நம் நாட்டுக்குப் புதியவர் அல்லர். பார்சிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குஜராத் கரையில் வந்திறங்கினர். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யஜ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து ஜரதுஷ்டிர சமயத்தார் பலர் பம்பாய்க்கு வந்தனர். தெருமுனைகளில் அவர்கள் திறந்த தேநீர்க் கடைகளே ‘இரானி’ கடைகள் எனப் பெயர் பெற்றன. 1904இல் தொடங்கிய கயானி கடை அவற்றுள் ஒன்று. அவர்கள் பிழைப்புத் தேடி வந்தவர்கள். நான் கூறவிருப்பது அதற்குப் பிந்திய, வேறு வகையான குடிபெயர்வு.

1979 ஜனவரி 16இல் ஷா மன்னர் முகம்மது ரேசா ஈரானை விட்டு வெளியேறினார். 1964 முதல் நாடு கடத்தப்பட்டிருந்த அயத்துல்லா கொமெய்னி, பிப்ரவரி 1இல் தெஹ்ரான் திரும்பினார். நாடு கடத்தப்பட்ட ஒருவர் திரும்பி வந்ததும், பல்லாயிரவர் நாடு துறக்க நேர்ந்தது. அரண்மனையைச் சார்ந்தோரும் செல்வரும் முதலில் சென்றனர். புரட்சியில் தோள் கொடுத்துப் பின்னர் அதனாலேயே வேட்டையாடப்பட்ட இடதுசாரிகள் அடுத்துச் சென்றனர். பஹாய் சமயத்தாரும் யூதரும் சென்றனர். 1980 முதல் 1988 வரை இராக்குடன் போர் நடந்தபோது, பதின்பருவ மைந்தரைப் போர்முனைக்கு அனுப்ப மனமில்லாத பெற்றோர் அவர்களை எல்லை கடத்தி அனுப்பினர். பிற்காலத்தில் மாணவரும் மருத்துவரும் பொறியாளரும் சென்றனர்.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வெஸ்ட்வுட் பகுதியில் பாரசீக எழுத்துப் பெயர்ப்பலகைகள் நிறைந்ததால், அப்பகுதிக்குத் ‘தெஹ்ராஞ்சலிஸ்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. அங்கே ஷாவின் படத்தை மாட்டி வைத்தவரும், ஷாவின் சிறையில் வாடியவரும் ஒரே கடையில் ரொட்டி வாங்கினர். மொழி ஒன்று, நினைவு வேறு.

எனினும் பண்பாடு அவர்களைப் பிணைத்தது. வசந்தத்தின் முதல் நாளாகிய நவ்ரோஸ் புத்தாண்டில், பாரசீக மொழியில் ‘ஸ’கரத்தில் தொடங்கும் ஏழு பொருள்களை மேசைமீது பரப்புவர். முளைப்பயிர், பூண்டு, ஆப்பிள், புளிக்காடி முதலியன அவை. பாடகி கூகூஷ் புரட்சிக்குப் பின் ஈரானில் பொதுமேடையில் பாட இயலாமல் 21 ஆண்டுகள் வாய்மூடியிருந்து, 2000இல் கனடாவின் டொரன்டோ நகரில் மீண்டும் பாடினார். பதினான்கு வயதில் வியன்னாவுக்கு அனுப்பப்பட்ட மர்ஜான் சத்ராபி, தம் வாழ்க்கையைப் ‘பெர்செபோலிஸ்’ என்ற சித்திரக் கதையாக பிரெஞ்சில் எழுதி உலகறியச் செய்தார்.

கணித மேதை மர்யம் மிர்ஸாகானியையும் சொல்லியாக வேண்டும். தெஹ்ரானில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியையாக விளங்கிய அவர், 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண்மணி ஆனார். 2017இல் தம் நாற்பதாம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். வழக்கத்திற்கு மாறாகத் தெஹ்ரான் பத்திரிகைகள் சில, முக்காடில்லாத அவர் படத்தை வெளியிட்டன. அவர் கணவர் வெளிநாட்டவராதலால் மகளுக்கு ஈரானியக் குடியுரிமை கிட்டாத நிலையும் அப்போது பேசப்பட்டது. தாய்வழிக் குடியுரிமைக்கு வழி செய்யும் சட்டம் 2019இல் நிறைவேறியது.

இனிப் பயணம். ரயில்வே அலுவலகத்தில் பணிபுரியும் எனக்கு, போக வர டிக்கெட் என்பது தினமும் காணும் சாதாரணப் பொருள். அவர்களுக்கு அதுவே எட்டாக் கனி ஆயிற்று. 1980 முதல் அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் தூதரக உறவு அறுந்தது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற ஈரானியரையும் ஈரான் அரசு தன் குடிமக்களாகவே நடத்தியது. நவ்ரோஸ் கொண்டாட்டத்திற்காகக் குழந்தையுடன் பெற்றோரைக் காணச் சென்ற பிரிட்டிஷ் ஈரானியப் பெண்மணி நாஜனீன் ஜகாரி ராட்கிளிஃப், 2016 ஏப்ரலில் விமான நிலையத்தில் கைதாகி, 2022 மார்ச்சில்தான் லண்டன் திரும்பினார். ஆகையால் பல குடும்பங்கள் இடைவழியாகத் துருக்கியில் சந்தித்துக்கொண்டன. மகன் மேற்கிலிருந்து வருவான்; தாய் கிழக்கிலிருந்து வருவாள்; சில நாள் ஒன்றாயிருந்து பிரிவர். 2020 ஜனவரி 8இல் தெஹ்ரானிலிருந்து புறப்பட்ட உக்ரைன் விமானத்தை ஈரானியப் படையே சுட்டு வீழ்த்தியது. மாண்ட 176 பேரில் 138 பேர் கனடாவை நோக்கிச் சென்றவர்கள். விடுமுறைக்குத் தாய்நாடு சென்று திரும்பிய மாணவரும் குடும்பத்தாரும் அவருள் பலர்.

அன்பர்களே, தொலைவில் இருப்பவன் தாய்நாட்டிற்காகப் பேசலாமா என்பதே அவர்களிடையே தீராத வழக்கு. 2022 செப்டம்பரில் 22 வயது மஹ்ஸா அமீனி, முக்காடு விதிகளைக் கண்காணிக்கும் காவலர் பிடியில் மாண்டபோது, அக்டோபர் 22இல் பெர்லினில் ஏறத்தாழ 80,000 பேர் கூடினர். ஆனால் பொருளாதாரத் தடை வேண்டும் என்று ஒருவர் சொன்னால், என் தாயின் மருந்துக்கு யார் பொறுப்பு என்று மற்றவர் கேட்டார். 2025 ஜூனில் இஸ்ரேலுடன் பன்னிரண்டு நாள் போர் மூண்டபோது, இணையத் தொடர்பு அறுந்து, வீட்டார் உயிரோடிருக்கின்றனரா என்று அறிய மாட்டாமல் பலர் தவித்தனர். ஆட்சியை வெறுத்தோரும் தாம் பிறந்த நகரின் மீது குண்டு விழக் கண்டு கலங்கினர்.

நான் உணர்ந்தது இது: பேசுவது கடமை. ஆயினும் சொல்லின் சுமையைத் தாங்குவோர் அங்கிருப்போர். அவர் மனத்தைக் கேட்டறிந்து பேசுவதே முறை.

நமக்கோ வழி திறந்தே இருக்கிறது. பெட்டியில் இடம் கிடைக்கவில்லை, விடுப்பு இல்லை என்று ஊர்ப் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுகிறோம். வரும் கோடையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று பாட்டன் பாட்டியோடு ஒரு திங்கள் தங்கச் செய்யுங்கள். தமிழும் தானே வரும்; முதியோர் மனமும் குளிரும்.