சேதி வராத வீடு

1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் ஜப்பானியர் குண்டு வீசியபோது, உயிருக்கு அஞ்சிப் பலர் ஆயர் ஈத்தாமுக்கு ஓடினர். 1943-இல் நேதாஜி அழைத்ததும் மலாயாத் தமிழர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா சென்றனர். 1944-இல் இம்பாலிலிருந்து பின்வாங்கிய வழியில், குண்டுக்குத் தப்பியவர்களையும் பசியும் மலேரியாவும் கொன்றன.

இங்கே வீட்டிலிருந்த மனைவியை நினைத்துப் பார்ப்போம். மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினாள். கணவனிடமிருந்து கடிதமில்லை. நெற்றிப் பொட்டை வைத்துக்கொள்வதா, அழிப்பதா? வைத்துக்கொண்டாள். சாவுச் சேதி வராதவரை அவன் உயிரோடிருக்கிறான் என்பதே அவள் கணக்கு. நாம் இதைப் பேதைமை என்று சொல்லமாட்டோம்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. வாழைமர நோட்டும் செல்லாமற் போயிற்று. பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினர். வராதவருக்கு இறந்த திதி தெரியாது, அமாவாசையன்றுதான் படையல்.