முறிந்த காலும் உழையிருப்போர் கடமையும்

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இலக்கியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருந்தார். யானோ, கால் முறிந்த பிள்ளையை வீட்டில் வைத்துப் பேணும் வகையைப் பற்றிப் பேச இசைவு வேண்டிப் பெற்றேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். 2023-ஆம் ஆண்டு ஆடித் திங்களில், ஒன்பது வயதினனாகிய என் மகன் கொய்யா மரத்தினின்று விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தான். அன்று யான் செய்த பிழை பிறர் வீட்டில் நிகழலாகாது என்பதே ஈண்டு யான் நிற்பதற்குக் காரணம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வள்ளுவர் வகுத்துள்ளார். இந்த நான்காமவனைப் பற்றி வகுப்பில் இருபது ஆண்டு உரை கூறியிருக்கிறேன். அவ்விடத்தில் யானே நிற்க நேர்ந்தபொழுது ஒன்றும் அறியேனாயினேன்.

மருத்துவமனையில் தொடை முதல் கால்விரல் அடி வரை மாவுக்கட்டுப் போட்டு மறுநாள் வீட்டிற்கு அனுப்பினர். செய்யத் தக்கனவும் தகாதனவும் எழுதிய தாள் ஒன்றையும் தந்தனர். படியாமல் வரும் மாணாக்கரைக் கடியும் யான், அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டேன். அன்றிரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை முனகத் தொடங்கினான். எழுதிக் கொடுத்த வலி மருந்தைக் கொடுத்தோம், வலி தணியவில்லை. "அப்பா, கட்டு நெருக்குகிறது" என்றான். "கட்டென்றால் நெருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்றேன். என் அன்னையாரும் அதையே கூறினார். அவனைத் தேற்றும்பொருட்டுக் கர்ணன் கதையைச் சொன்னேன். பரசுராமரின் துயில் கலையலாகாதென்று, தொடையை வண்டு துளைத்தும் அசையாதிருந்த கதை. பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு அடங்கினான். யானும் மகிழ்ந்து உறங்கினேன்.

ஒரு மணியளவில் என் இல்லாள் போர்வையை விலக்கிப் பார்த்து என்னை எழுப்பினாள். விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன. பெருவிரலைச் சற்றே மேல்நோக்கி வளைத்தவுடன் பிள்ளை அலறினான். அண்டை வீட்டாரின் காரில் விரைந்தோம். மருத்துவர் கட்டையும் அதனடியிலிருந்த பஞ்சையும் நீளவாக்கில் தோல் தெரியுமளவும் பிளந்தார். அரை மணியில் விரல்கள் சிவந்தன. வீக்கம் வெளியே செல்ல இடமின்றி உள்ளே நெருக்கும்பொழுது குருதியோட்டம் தடைப்படும் என்றும், அத்தடை ஆறு மணி நேர அளவு நீடிப்பின் தசை மீளாது அழியக்கூடும் என்றும் அவர் கூறினார். என்னை அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மறுநாள் பிள்ளை என்னிடம், "கர்ணன் சொல்லாமல் இருந்தது சரிதானே அப்பா? நான்தான் கத்திவிட்டேன்" என்றான். அக்கதையின் முடிவில் கர்ணன் பெற்றது சாபமே என்பது அப்பொழுதுதான் என் நினைவிற்கு வந்தது. விடை கூற நாவெழவில்லை.

ஆதலின் தாய்மார்களே, முதல் இரண்டு மூன்று நாளும் இரவிலும் எழுந்து கால்விரல்களைப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் இரண்டு நொடிக்குள் சிவப்பாகத் திரும்ப வேண்டும். விரல் குளிர்ந்தாலும், மரத்தாலும், அசையாவிடினும், மருந்துக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். விரல் சிவந்திருக்கிறதே என்று வலியைப் புறக்கணிப்பதும் தகாது. நிறம் மாறுமுன்னரே வலி முந்திவரும். காலைத் தலையணைகளின்மேல் நெஞ்சினும் உயரமாக வைத்தால் வீக்கம் குறையும்.

நாம் மாவுக்கட்டு என்பது, ஜிப்சக் கல்லைச் சுட்டுப் பொடித்த மாவைத் துணிச்சுருளில் ஏற்றி, நீரில் நனைத்துச் சுற்றுவதாகும். 1850-களின் தொடக்கத்தில் ஒல்லாந்து நாட்டுப் படைமருத்துவர் அந்தோனியுஸ் மத்தைசன் என்பார் இம்முறையை வகுத்தார். சில மணித்துளிகளில் அது கெட்டியாகும். உள்ளீரம் உலர இரண்டு மூன்று நாள் செல்லும். அதுவரை விரல்நுனியால் பற்றித் தூக்கினால் குழி விழுந்து, அக்குழி உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கும், உள்ளங்கைகளால் ஏந்துக. நீர் படின் கட்டு குழையும். ஆதலின் ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பதே நன்று. நமைச்சலுக்கு என் மகன் அளவுகோலை உள்ளே விட்டான், யான் பிடுங்கிக்கொண்டேன். மின்விசிறியின் காற்றும், கட்டின்மேல் மெல்லத் தட்டுதலும் ஓரளவு உதவின.

உறவினர் வந்தனர். அவருள் ஒருவர் கட்டிலின்மேல் அமர்ந்து, கால் எடுக்கப்பட்டவர் வரலாற்றைப் பிள்ளையின் காதுபடவே விரித்துரைத்தார். மற்றொருவர் கட்டை அவிழ்த்து மூங்கிற்பத்தை வைத்துக் கட்டுவோரிடம் செல்லுமாறு வற்புறுத்தினார். தலைமுறையாக எலும்பு கட்டுவோரை இழித்துரைப்பது என் கருத்தன்று. ஆயினும் பொருந்திவரும் எலும்பை இடையில் அவிழ்த்துத் திருகினால் அது நழுவும். இறுகக் கட்டினாலோ யான் கண்ட நீல விரலையே மீண்டும் காண நேரும். பிரண்டைத் துவையலை என் அன்னையார் அரைத்துக் கொடுத்தார், உண்டான், தடுக்கவில்லை. கேழ்வரகுக் கூழும் பாலும் முட்டையும் எலும்பிற்கு வேண்டுவன. படுத்தே இருப்பதனால் மலச்சிக்கல் உண்டாகும். கீரையும் பழமும் நீரும் குறையலாகாது.

மூன்றாம் வாரத்தில் வேறொரு துன்பம் தோன்றியது. வலி இல்லை, பிள்ளைக்குச் சினம் மிகுந்தது. ஒருநாள் செம்பைச் சுவரில் வீசினான். யாவரும் அவனுக்குச் செய்தோமேயன்றி அவனை ஒன்றும் செய்யவிடவில்லை என்பதை என் இல்லாள்தான் கண்டறிந்தாள். அன்று முதல் மொச்சை உரிப்பதும் பால் கணக்கு எழுதுவதும் அவன் வேலையாயின. மாலைதோறும் உடன்பயில்வோர் இருவர் வந்து அன்றைய பாடத்தைச் சொல்வர். பாடத்தினும் விளையாட்டுச் செய்தியே மிகுதி. யான் அதனைக் கேளாதவன்போல் இருந்துவிட்டேன்.

ஏழாம் வாரத்தில் கட்டை அகற்றினர். அதற்குரிய அரம் சுழலாது அதிர்வது, ஓசைதான் பெரிது. இதனை முன்னரே சொல்லி வைத்தால் பிள்ளை அஞ்சான். வெளிப்பட்ட கால் மெலிந்து, தோல் உரிந்து இருந்தது. எண்ணெய் தேய்த்து நீவ ஒருவரைக் கூட்டிவர என் அன்னையார் முற்பட்டார், மருத்துவர் தடுத்தார். வெதுவெதுப்பான நீரும் சிறுகச் சிறுக நடப்பதும் போதுமாயிருந்தன. சில வாரம் நொண்டினான். பின்னர் அதுவும் நீங்கிற்று.

அவன் பயன்படுத்திய ஊன்றுகோல் இணையையும், நான்கு கால் நடைச்சட்டத்தையும் நம் சங்கப் படிப்பகத்தில் வைத்துள்ளேன். வேண்டுவோர் அங்குள்ள ஏட்டில் பெயர் எழுதிப் பெற்றுச் செல்லலாம், வாடகை இல்லை. ஊன்றுகோலின் மேற்பட்டை அக்குளை முட்டாமல் இரண்டு மூன்று விரற்கிடை தாழ்ந்திருக்குமாறு உயரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். அடியிலுள்ள ரப்பர் ஒன்று தேய்ந்துவிட்டது. அதனை இவ்வாரத்திற்குள் மாற்றிவிடுகிறேன்.