பட்டியலின் கடைசி வரி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு தூத்துக்குடியில் எந்த மண்டபத்தில் கூட்டம் போட்டாலும் நிரம்பிவிடும். ஆகவே இவ்வளவு பேரும் என் பேச்சைக் கேட்க வந்தவர்கள் என்ற மயக்கம் எனக்கில்லை. வாசகர் வட்டத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு 'உயர்கல்வியில் உயர்ந்த கனவு'. கனவைப் பற்றிப் பேச ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கல்லூரி விருப்பப் பட்டியலின் முதல் வரியில் கிண்டி பொறியியல் கல்லூரி என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிடுகிறீர்களே, அந்தக் கீழ் வரிகளைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

நம் வீடுகளில் இரண்டாவது விருப்பத்தைப் பேசுவதே அபசகுனம். "மொதல்ல நல்லதை நெனைங்க, கெடைக்காட்டி அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த 'அப்புறம்' வரும்போது பாதி விண்ணப்பங்களின் கடைசித் தேதி போயிருக்கும். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே யூகாஸ் என்ற ஒரே அமைப்பு வழியாகத்தான் அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். மொத்தம் 5 இடம் எழுதலாம். மருத்துவம் கேட்பவர்கள் மருத்துவத்துக்கு 4 இடம்தான் எழுத முடியும். ஐந்தாவதை வேறு பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசியில் கையில் வந்த இடங்களில் ஒன்றை உறுதி என்றும், இன்னொன்றை இன்சூரன்ஸ் என்றும் குறிக்கிறார்கள். விண்ணப்பத்திலேயே மாற்று ஏற்பாட்டுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் அதை அபசகுனம் என்று சொல்வதில்லை.

சரி, நம் கலந்தாய்வுக்கு வருவோம். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. அதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போய், திரையில் காலியிடம் பார்த்து, அங்கேயே முடிவெடுக்க வேண்டும். இப்போது வீட்டில் உட்கார்ந்து எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் எழுதலாம். கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200-க்கு கட்-ஆஃப் போட்டு ரேங்க் கொடுக்கிறார்கள். உங்கள் ரேங்க் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். இடம் இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று இறங்கிக்கொண்டே போகும்.

இதில் ஒரு விஷயத்தைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். எட்டாத கல்லூரியை முதலில் எழுதினீர்கள் என்று கணினி உங்கள்மேல் கோபித்துக்கொள்ளாது. கிண்டி இல்லை என்றானதும் அடுத்த வரிக்கு வரும், அவ்வளவுதான். அதனால் கீழே இருக்கும் வரிக்கு ஒரு குண்டுமணி நஷ்டமும் கிடையாது. பலர் பயந்துபோய், நிச்சயம் கிடைக்கும் கல்லூரியைக் கொண்டுபோய் மூன்றாம் வரியில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படித்தான் போட்டான். மூன்றாவதே கிடைத்துவிட்டது. ஏழாம் வரியில் அவன் உண்மையில் ஆசைப்பட்ட கல்லூரி இருந்தது. அதற்கும் அவன் ரேங்க் போதும். ஆனால் கணினி ஏழாம் வரி வரை இறங்கவே இல்லை. வரிசையை ஆசைப்படி எழுதுங்கள். பயம் இருந்தால் கீழே வரிகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், பத்தே வரி எழுதிவிட்டுப் பதினோராவது வேண்டாம் என்கிறவர்கள். பத்தும் போய்விட்டால் அந்தச் சுற்றில் எதுவும் வராது. மற்றவர்கள் எடுத்துப் போன மிச்சத்துக்காக அடுத்த சுற்றில் நிற்க வேண்டும். எத்தனை வரி போதும் என்று கேட்கிறீர்கள். எண்ணிக்கை சொல்ல மாட்டேன். சென்ற ஆண்டு உங்கள் சமூகப் பிரிவில் எந்த ரேங்க் வரை ஒரு கல்லூரி போனது என்று பாருங்கள். உங்கள் ரேங்குக்குத் தாராளமாகக் கீழே போன இடங்கள் பட்டியலின் அடியில் ஐந்தாறாவது இருக்கட்டும். கட்-ஆஃபை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். கணக்கில் நிறையப் பேர் சென்டம் வாங்கிய வருஷத்தில் அதே 180-க்கு ரேங்க் எங்கோ தள்ளிப் போய்விடும். ரேங்கை ரேங்கோடு ஒப்பிடுவதுதான் கணக்கு.

இப்போது பாடப்பிரிவு. இன்று எல்லாருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஐ.டி., அதுவும் இல்லாவிட்டால் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், பிறகு சைபர் செக்யூரிட்டி. நோட்டில் நாற்பது வரி இருக்கும். நாற்பதும் ஒரே பாடத்தின் நாற்பது சட்டைகள். இதை மாற்று ஏற்பாடு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாத்தியாரே இல்லாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதா, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலோ, காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு கல்லூரியிலோ எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் படிப்பதா என்று கேட்டால், நான் இரண்டாவதற்குத்தான் கை தூக்குவேன். என்னோடு சண்டைக்கு வருபவர்கள் இங்கேயே இருப்பார்கள், வரட்டும்.

வேறு பாடம் எடுத்தால் கம்ப்யூட்டர் வாசல் அடைபட்டுவிடுவதும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், இணைப்புக் கல்லூரி மாணவர் கூடுதலாக 18 கிரெடிட் படித்து வேறு துறையில் மைனர் டிகிரி வாங்க வழி செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்பு 2021-ல் வகுப்பு தொடங்கியது. அதற்கு ஜே.இ.இ. கட்டாயமில்லை, அவர்களே வைக்கும் தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. பி.எஸ்சி. கணிதம் படித்தவர் எம்.சி.ஏ. போகலாம், அதுவும் இப்போது 2 வருஷம்தான்.

ஆனால் ஒன்று. பிள்ளைக்குப் பிடிக்கவே பிடிக்காத பாடத்தை 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு' என்று அடியில் எழுதாதீர்கள். அந்தச் சும்மாதான் கிடைக்கும். கிடைத்தபின் வீட்டில் நடக்கும் கூத்தை நான் சொல்லவேண்டியதில்லை. கடைசி வரியை எழுதும்போது பிள்ளையைக் கூப்பிட்டு, "இது ஒண்ணுதான் கெடைச்சதுன்னு வை, திங்கக்கெழம காலையில பஸ் ஏறுவியா?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏற மாட்டேன் என்றால் அடித்துவிட்டு வேறு வரி எழுதுங்கள்.

நீட் எழுதிய பிள்ளைகளின் வீட்டார் இங்கே நிறையப் பேர் இருப்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்கு நீட் கேட்பதில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். வேளாண்மைக்கும் மீன்வளத்துக்கும் அப்படியே. நம் ஊரிலேயே 1977-ல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. வல்லநாடு பக்கம் கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. வாசலில் இருப்பதாலேயே கண்ணில் படுவதில்லை! மருத்துவக் கலந்தாய்வு முடியட்டும் என்று காத்திருந்தால் இவற்றின் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். விண்ணப்பம் போட்டு வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

அப்துல் கலாமைச் சொல்லாமல் மாணவர் கூட்டத்தில் யாரும் மைக்கை விடுவதில்லை, நானும் விடப்போவதில்லை. விமானப் படையில் 8 இடம், அவர் ஒன்பதாவதாக வந்தார், மனம் உடைந்தார், பின்பு எழுந்தார் என்ற கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் மேடைகளில் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அவர் விமானப் படைக்கு மட்டும் விண்ணப்பிக்கவில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப மேம்பாடு, உற்பத்தி இயக்குநரகத்துக்கும் விண்ணப்பித்திருந்தார். இரண்டு நேர்காணல் அழைப்பும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தன. டெல்லியில் இயக்குநரக நேர்காணலை முடித்துவிட்டுத்தான், விமானப் படை நேர்காணலுக்காக டேராடூனுக்கே போனார். டேராடூனில் இடம் கிடைக்காதபோது டெல்லி வேலை இருந்தது, 1958-ல் சேர்ந்தார். இரண்டும் விமானம் சார்ந்த வேலைகள் என்பதையும் கவனியுங்கள். தோற்றபிறகு தேடிய வேலை இல்லை அது. முதல் ஆசை உயிரோடு இருந்தபோதே, அதற்குப் பக்கத்திலேயே போட்டு வைத்த விண்ணப்பம்.

நேரமாகிறது என்று செயலாளர் மணிக்கட்டைத் தட்டுகிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்கிறேனா, ஏற்றுக்கொண்டு மேல் வரிக்குக் காத்திருக்கிறேனா என்றெல்லாம் கேட்பார்கள். 'மேலே காத்திருக்கிறேன்' என்று கொடுத்தால், மேல் வரி கிடைத்த உடனே கீழே கிடைத்தது தானாகப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. ஆகவே அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று பட்டியலின் மேலே எதையும் செருகி வைக்காதீர்கள். கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல் கோடு எண்ணையும் சரிபாருங்கள். ஒரே நிறுவனம் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரி நடத்துகிறது. பட்டியலைப் பூட்டுவதற்கு முன் ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும்.

வாசலில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். பட்டியல் எழுதிக்கொண்டு வந்தவர்கள் இடப்பக்கம் வாருங்கள். இன்னும் எழுதாதவர்கள் வலப்பக்கம். முதல் பட்டதாரி சான்றிதழ் இன்னும் வாங்காதவர்கள் நாளைக் காலையிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள், அங்கே இப்போதே கூட்டம்.